வாரம் ஒன்று, தினம் ஒன்று: மும்பையில் ஒரு மருந்துப் பிழையின் நிகழ்வு ஆய்வு

மும்பையில் நடுத்தர அளவுள்ள ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் நான் மருந்தாளுநர். வார்டுகளில் எழுதப்படும் மருந்துகளைச் சரிபார்ப்பதும் நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வதும் என் வேலை. கீழே உள்ள நிகழ்வை நோயாளியின் குடும்பம் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிழையின் ஒரு பகுதி எங்கள் மருத்துவமனையுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

நோயாளி 58 வயதுப் பெண். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் இட்லி அவிப்பார், மகன் சைக்கிளில் எடுத்துப்போய் விற்பார். அதிகாலை 3 மணிக்கு அடுப்பு எரியத் தொடங்கும் வீடு. ஊரில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர் என்பதால் தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். இந்தி நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. ஆங்கில எழுத்து தெரியாது.

இரண்டு ஆண்டுகளாகக் கைவிரல் மூட்டுகள் வீங்கி வலி. மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியாத நிலை வந்த பிறகுதான் மருத்துவமனைக்கு வந்தார். எங்கள் ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் மூட்டுநோய், என்று உறுதியானது; மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தொடங்கப்பட்டது.

இந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புற்றுநோய்க்கு இதைப் பெரிய அளவில் தருவார்கள். முடக்குவாதத்துக்கு மிகச் சிறிய அளவு, அதுவும் வாரத்தில் ஒரே ஒரு நாள். ஃபோலிக் அமிலம் உடலில் செய்யும் வேலையை இது தடுக்கிறது. அதனால் வேகமாகப் பெருகும் செல்கள் அடங்குகின்றன. வாரம் ஒருமுறை எடுத்தால் மீதி ஆறு நாளில் எலும்பு மஜ்ஜையும், வாய், குடல் இவற்றின் உள்தோலும் தேறிக்கொள்ளும். தினமும் எடுத்தால் தேறுவதற்கு நாளே இருக்காது. அப்போது அதே சின்ன மாத்திரை உயிரைக் குடிக்கிற மருந்தாகிவிடும். துணைக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதுவார்கள். இரண்டுமே பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரைகள்.

முதல் மாதம் அவருக்கு 2.5 மில்லிகிராம் மாத்திரை நான்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும். நான்தான் விளக்கினேன். "ஞாயித்துக்கெழம மட்டும் நாலு, மத்த நாளு தொடக்கூடாது, அப்படித்தான தாயி?" என்று திருப்பிச் சொன்னார். அந்த மாதம் முழுக்கச் சரியாகவே சாப்பிட்டார். இதைக் குறித்துவைக்கக் காரணம், பின்னால் நடந்த கூட்டத்தில் ஒருவர் "படிக்காதவங்க, நாம என்ன செய்ய முடியும்" என்று ஆரம்பித்தார். சரியாகச் சொன்னபோது அவர் சரியாகச் செய்தார். பிழை நுழைந்தது அடுத்த சீட்டில்.

இரண்டாவது சீட்டு

ஒரு மாதம் கழித்து வந்தபோது வீக்கம் முழுதாகக் குறையவில்லை. மருத்துவர் அளவை 15 மில்லிகிராமாக உயர்த்தினார். ஒரே மாத்திரையாக எழுதினார். அன்று ஓபிடியில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. சீட்டில் மருந்தின் முழுப்பெயருக்குப் பதிலாக 'எம்.டி.எக்ஸ். 15' என்று இருந்தது. பக்கத்தில் 'வாரம் ஒருமுறை' என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துச் சுருக்கம். இரண்டாவது எழுத்து, 'தினம் ஒருமுறை' என்பதற்கு எழுதும் சுருக்கத்தின் இரண்டாவது எழுத்தாகவும் படிக்கக்கூடியபடி நெளிந்திருந்தது. எந்தக் கிழமை என்று எழுதவில்லை.

எங்கள் மருந்தகத்தில் அன்று 15 மில்லிகிராம் இருப்பு இல்லை. "வெளியே வாங்கிக்கோங்க" என்று அனுப்பினார்கள். எனவே என் மேசைக்கு அவர் வரவே இல்லை.

வெளியே மெடிக்கல் ஷாப்பில் பதிவுபெற்ற மருந்தாளுநர் அப்போது இல்லை, கல்லாவில் நின்ற பையன் எடுத்துக் கொடுத்தான். 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவு, பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்கலாம் என்கிறது. 2015-இல் வந்த பார்மசி நடைமுறை விதிகள் ஒரு படி மேலே போய், மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்கு விளக்குவதையும் கடமையாக்கின. அந்தக் கல்லாவில் இரண்டும் இல்லை. பையன் தெரிந்தவரை உதவினான்: ஸ்ட்ரிப்பின் பின்புறம் பேனாவால் '1-0-0' என்று எழுதிக் கொடுத்தான். காலையில் ஒன்று. அந்த எண்களைப் படிக்க எந்த மொழியும் தேவையில்லை, அவரும் படித்தார்.

பழைய மருந்து ஞாயிற்றுக்கிழமை நான்கு. புதியது வேறு கம்பெனி, வேறு ஸ்ட்ரிப், ஒரே மாத்திரை. மருந்தையே மாற்றிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டதாகப் பின்னர் சொன்னார். நியாயமான நினைப்புத்தான்.

பதினோரு நாள்

தினமும் காலை ஒன்றாக ஒன்பது நாள் எடுத்தார். ஆறாம் நாள் வாயில் புண். மருமகள் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கூட்டாக வைத்துக் கொடுத்தார். அடுப்பு ஆவியில் நின்று நின்று உடம்புச் சூடு என்று எல்லோருமே நம்பினார்கள். நம் வீடுகளில் யாருக்கு வாய்ப்புண் வந்தாலும் இதைத்தான் செய்வோம். ஆனால் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு வரும் வாய்ப்புண் முதல் எச்சரிக்கை மணி. அதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. முதல் மாதம் நானும் சொல்லவில்லை. கிழமையைச் சொன்னேன், எண்ணிக்கையைச் சொன்னேன், 'வாய்ப்புண் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்' என்பதைச் சொல்லவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது இதுதான்.

எட்டாம் நாள் காய்ச்சல். பக்கத்துக் கிளினிக்கில் வலிக்கு ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு "மூட்டுவலி மாத்திரை" என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். பதில் பொய்யில்லை, ஆனால் அதிலிருந்து யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. தண்ணீர்கூட இறங்காத நிலையில் போட்ட வலி ஊசி சிறுநீரகத்துக்கு இன்னும் சுமை. சிறுநீரகம்தான் இந்த மருந்தை வெளியேற்றும் வழி. அது தளர்ந்தால் மருந்து உடலிலேயே தங்கும்.

ஒன்பதாம் நாளுக்குப் பிறகு விழுங்கவே முடியவில்லை. பத்தாவது மாத்திரை ஸ்ட்ரிப்பில் மிஞ்சியது அதனால்தான்.

கேஸ்வாலிட்டி

பதினோராம் நாள் இரவு 11 மணிக்கு மேல் எங்கள் கேஸ்வாலிட்டிக்கு, அதாவது அவசரப் பிரிவுக்கு, கொண்டுவந்தார்கள். ஜூலை மாதம், விடாத மழை. மும்பையில் அந்தப் பருவத்தில் காய்ச்சலோடு வருபவருக்கு பிளேட்லெட் குறைந்திருந்தால் மனம் நேராக டெங்குவுக்குப் போகும். அடுத்து மலேரியா, லெப்டோ என்னும் எலிக்காய்ச்சல். இவருக்கு பிளேட்லெட் 24,000, வெள்ளை அணுக்கள் 1,100, ஹீமோகுளோபின் 8.1, மூன்றுமே குறைவு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.9, அது அதிகம். டெங்குப் பரிசோதனை எதிர்மறை. காய்ச்சல் தொடங்கிச் சில நாள் கழித்து எடுத்தால் அந்தப் பரிசோதனை தவறவும் கூடும் என்பதால் சந்தேகம் நீடித்தது. 'டெங்கு என ஐயம்' என்று எழுதி அட்மிட் செய்தார்கள்.

பயிற்சி மருத்துவர் நல்ல பையன். வீட்டில் சாப்பிடும் மருந்துகளைக் காட்டச் சொல்லி, பையிலிருந்த ஸ்ட்ரிப்பை வாங்கிப் பார்த்தார். அதில் கண்டதை அப்படியே மருந்து அட்டவணையில் எழுதினார்: மெத்தோட்ரெக்சேட் 15, 1-0-0. கடைப் பையனின் பேனா எழுத்து இப்போது மருத்துவமனையின் உத்தரவு ஆகிவிட்டது. அடுத்த டோஸ் காலை 8 மணிக்கு.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு முயற்சி மூன்று இடங்களைத் தனியாகக் குறித்தது: ஆபத்து மிகுந்த மருந்துகளும் சூழல்களும், ஒரே ஆள் பல மருந்துகள் எடுப்பது, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் மாறும் தருணம். நான் அதைப் பயிற்சி வகுப்பில் பாடமாகக் கேட்டவள். அன்று இரவு அந்த மூன்றாவது இடம் எங்கள் கேஸ்வாலிட்டி மேசையாக இருந்தது.

காலை 7:40

வார்டில் இரவுப் பணியில் இருந்த நர்ஸ் கோட்டயத்துக்காரர். டோஸ் எடுத்து வைக்கும்போது அவருக்குத் தயக்கம். பிளேட்லெட் 24,000 உள்ளவருக்கு இந்த மாத்திரையா, அதுவும் தினமுமா? அட்டவணையில் மருத்துவர் கையெழுத்து இருக்கிறது. கொடுத்திருந்தால் யாரும் அவரைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கொடுக்காமல் எனக்கு போன் செய்தார்.

நான் போனபோது நோயாளிக்கு உதடெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பேசுவதே வேதனை. ஸ்ட்ரிப்பைக் காட்டிக் கேட்டேன்:

"அம்மா, இத எப்படிச் சாப்பிட்டீங்க?"

"தெனம் காலையில ஒண்ணு தாயி. எழுதிக் குடுத்தாங்கல்ல."

"எத்தன நாளா?"

மருமகள் ஸ்ட்ரிப்பை வாங்கி, உடைந்த குழிகளை விரலால் எண்ணினார். "ஒம்பது."

ஐந்து நிமிடத்தில் முடிந்த பேச்சு. தமிழில் நடந்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று நினைக்கிறேன். முந்தின இரவு பயிற்சி மருத்துவர் இந்தியில் கேட்டார், மகன் இந்தியில் பதில் சொன்னார். மாத்திரை எடுத்தவரை நேராகக் கேட்கவில்லை.

மூட்டுவாத நிபுணரும் மருத்துவப் பிரிவுத் தலைவரும் அரைமணி நேரத்தில் வந்தார்கள். மெத்தோட்ரெக்சேட் நிறுத்தப்பட்டது. லூகோவோரின் ஊசி உடனே தொடங்கினோம். ஃபோலிக் அமிலத்தின் தயார்நிலை வடிவம் அது, தடைபட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு செல்களுக்கு உதவும். ரத்தத்தில் மெத்தோட்ரெக்சேட் அளவு பார்த்து முடிவெடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். குறைந்த டோஸில் நாள்பட எடுத்தவர்களுக்கு ரத்த அளவு தாழ்வாக இருந்தாலும் நஞ்சு ஏறியிருக்கும், அதற்காகக் காத்திருக்கக்கூடாது என்று முடிவாயிற்று. தனி அறை, நரம்பு வழி ஆன்டிபயாட்டிக், வெள்ளை அணுக்களைத் தூண்டும் ஊசி, சிறுநீரகத்துக்குத் திரவம். மூன்றாம் நாள் ஈறில் ரத்தம் நிற்காததால் பிளேட்லெட் ஏற்றினோம்.

ஏழாம் நாள் வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்கின. பதினைந்தாம் நாள் வீட்டுக்குப் போனார்.

குடும்பத்திடம் சொல்வது

சிகிச்சையை விட இதில்தான் அதிக நேரம் விவாதித்தோம். நோயாளி தனி அறைக்குப் போன அன்று மாலையே நிர்வாகத்தில் ஒருவர் யோசனை சொன்னார்: 'மருந்தின் பக்கவிளைவு' என்று எழுதலாம், பொய்யில்லையே. பயந்துதான் சொன்னார். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், குற்றவழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் பொதுவாக ஐந்து ஆண்டுவரையும், பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது நேர்ந்தால் இரண்டு ஆண்டுவரையும் சிறை என்கிறது. எங்கள் நோயாளி பிழைப்பாரா என்று அன்று மாலை யாருக்கும் தெரியாது. சீட்டு எழுதிய மருத்துவர் கையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்.

சட்டம் எல்லாமே பிழை நடந்து முடிந்த பிறகு 'யார்?' என்று கேட்கிறது. நியாயமான கேள்விதான், பாதிக்கப்பட்டவருக்கு அது வேண்டும். ஆனால் அதே கேள்வி மட்டும் இருந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள், அடுத்த நோயாளிக்கும் அதே '1-0-0' எழுதப்படும்.

சொல்லிவிடலாம் என்று நான் வாதாடியதற்குக் காரணங்கள் எளியவை. ஸ்ட்ரிப் அவர்கள் கையில் இருக்கிறது. இன்றில்லாவிட்டால் நாளை யாராவது அவர்களுக்குச் சொல்வார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை அவர்கள் அப்புறப்படுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அது அவருடைய உடம்பு. மருத்துவப் பிரிவுத் தலைவர் என் பக்கம் நின்றார். சீட்டு எழுதிய மருத்துவரே "நானே சொல்றேன், நீங்க தமிழ்ல சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலை மகன், மருமகள் இருவரிடமும் உட்கார்ந்து சொன்னோம்: வாரம் ஒரு முறை எடுக்க வேண்டிய மாத்திரை, எங்கள் சீட்டில் தெளிவாக எழுதவில்லை, கடையில் தவறாகப் படித்தார்கள், இரவு அட்மிட் செய்தபோதும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. மகன் எழுந்து போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, கடைக்காரனை போலீஸில் மாட்டிவிடப்போவதாகச் சத்தம் போட்டார். எங்கள் மேல் வழக்குப் போடுவேன் என்றும் சொன்னார். போடலாம், அது உங்கள் உரிமை என்றோம். மருத்துவப் பதிவுகளின் நகல் வேண்டுமானால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. அவர் கேட்காமலே அன்று மாலை கொடுத்துவிட்டோம். சிகிச்சைக் கட்டணத்தை மருத்துவமனை தள்ளுபடி செய்தது.

வழக்கு வரவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

எங்கே தெரிவிப்பது

மருத்துவமனைக்குள் நிகழ்வுப் படிவம் நிரப்பினேன். அடுத்து, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அனுப்பினேன். அத்திட்டம் 2010-இல் தொடங்கியது. 2011 முதல் காஜியாபாத்திலுள்ள இந்திய பார்மகோபியா கமிஷன் ஒருங்கிணைக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. நோயாளிகளே நிரப்பும் படிவம் தமிழிலும் உண்டு. அதைப் பல மருந்தாளுநர்களே பார்த்ததில்லை என்பது என் அனுபவம். அந்தப் படிவத்திலேயே, தெரிவிப்பதால் தெரிவிப்பவருக்குச் சட்டப் பொறுப்பு எதுவும் வராது என்று எழுதியிருக்கிறது. நிர்வாகத்தினரிடம் அந்த வரியை விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து கிடைத்தது.

படிவம் நல்ல படிவம். ஆனால் அது மருந்தின் எதிர்விளைவை மையமாக வைத்து அமைந்தது. இந்த நிகழ்வில் மருந்து தன் இயல்பைத்தான் காட்டியது. தவறியது சீட்டு, கல்லா, அட்டவணை. அந்த மூன்றையும் 'கூடுதல் தகவல்' என்ற கட்டத்துக்குள் நெருக்கி எழுத வேண்டியிருந்தது.

மெடிக்கல் ஷாப்பைப் பற்றி மாநில மருந்து நிர்வாகத்திடம் புகார் செய்வதா என்பதில் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை. நானும் மருத்துவரும் கடைக்குப் போய் உரிமையாளரிடம் பேசினோம். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் இந்த மாதிரி மருந்து கொடுக்கமாட்டோம் என்றார். புகார் செய்யவில்லை. நாங்கள் எங்கள் பிழைக்கு மன்னிப்பு எதிர்பார்த்துக்கொண்டு, அவரை மட்டும் மாட்டிவிடுவது சரியில்லை என்று தோன்றியது. அந்த முடிவு சரிதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

விதிகள் இருந்தும்

காரணம் தேடிய கூட்டத்தில் ஒன்று தெளிவானது. இந்தப் பிழையைத் தடுக்க வேண்டிய விதி ஏறக்குறைய ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்கெனவே இருந்தது. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016-இல் மருத்துவக் கவுன்சில் விதி திருத்தப்பட்டது. 2018 திருத்தப்படி மருந்து உறையில் பொதுப்பெயர், கம்பெனி வைத்த பிராண்டுப் பெயரைவிட இரண்டு எழுத்தளவாவது பெரிதாக இருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் 300 பிராண்டுகளுக்கு கியூஆர் குறி கட்டாயம். அந்தக் குறியை ஸ்கேன் செய்தால் தயாரித்தவர் யார், எந்த பேட்ச், எப்போது காலாவதி எல்லாம் வரும். போலி மருந்தைத் தடுக்க அது வேண்டியதுதான். 'வாரத்தில் ஒரு நாள் மட்டும்' என்ற செய்தியை யாரும் அதில் கேட்கவில்லை. இட்லி அவிக்கும் அம்மா ஆங்கில எழுத்தின் அளவைப் பார்த்து என்ன செய்வார்?

இதற்கெல்லாம் மேலே, நோயாளி பாதுகாப்புக்கான தேசியச் செயல்திட்டம் ஒன்றை மத்திய சுகாதார அமைச்சகம் 2018 முதல் 2025 வரைக்கும் வகுத்தது. அதன் ஆறு நோக்கங்களில் ஒன்று, பாதகமான நிகழ்வுகளைத் தெரிவித்து அதிலிருந்து கற்கும் அமைப்பு. நான் அதை வாசித்தேன், நோக்கம் சரியானது. மருத்துவமனைகளுக்கென்று 2005-இல் தொடங்கிய என்.ஏ.பி.எச். தரச்சான்றும் மருந்துப் பிழைகளைப் பதிவு செய்யச் சொல்கிறது, ஆனால் அது விருப்பத்தின் பேரில் பெறும் சான்று. அது மருத்துவமனைச் சுவருக்குள் நடப்பதைப் பார்க்கிறது. எங்கள் நோயாளிக்குப் பிழை நேர்ந்தது சுவருக்கு வெளியே, சீட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில். அந்த இடைவெளிக்குப் பொறுப்பாளி என்று எந்த விதியும் யாரையும் காட்டவில்லை.

வெளிநாடுகளில் இதே பிழை நடக்காமல் இல்லை. இங்கிலாந்தில் தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை 2006-இல் மெத்தோட்ரெக்சேட்டுக்கென்றே எச்சரிக்கை அனுப்பியது. ஒரே அளவு மாத்திரையை, பொதுவாக 2.5 மில்லிகிராமை மட்டும், எழுதவும் கொடுக்கவும் வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். புற்றுநோய் அல்லாதவருக்கு இம்மருந்தை அளவுமீறித் தருவது, ஒருபோதும் நடக்கக்கூடாத நிகழ்வுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2019-இல் ஐரோப்பிய மருந்து முகமை, பெட்டியில் வாரம் ஒருமுறை என்ற நினைவூட்டலும் நோயாளிக்கு ஒரு அட்டையும் வேண்டும் என்றது. டென்மார்க் 2004-இல் ஒரு சட்டமே நடைமுறைப்படுத்தியது: பிழையைத் தெரிவிப்பது ஊழியரின் கடமை, தெரிவித்ததற்காக அவரைத் தண்டிக்க முடியாது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் அன்று மாலை எங்கள் விவாதம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

நாங்கள் மாற்றியவை

எங்கள் மருந்தகத்தில் இப்போது 2.5 மில்லிகிராம் மட்டுமே வைக்கிறோம். 15 எழுதினால் ஆறு மாத்திரை. எண்ணிக்கை கூடுவது எரிச்சல்தான், ஆனால் எந்த நோயாளியும் தினமும் ஆறு மாத்திரை சாப்பிடுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பார். நான்கு வாரத்துக்கு மேல் கொடுப்பதில்லை. சீட்டில் முழுப்பெயர், கிழமை, எதற்காக என்பது மூன்றும் இல்லாவிட்டால் மருந்தகம் திருப்பி அனுப்பும். முதல் வாரம் இரண்டு மருத்துவர்கள் கோபப்பட்டார்கள்.

கிழமையை நோயாளியோடு சேர்ந்து தேர்ந்தெடுக்கிறோம். 'வாரம் ஒருமுறை' என்பதைவிடக் கிழமைதான் மனதில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டில் வெள்ளி மறக்காது. மாதா கோயிலுக்குப் புதன்கிழமை போகிறவருக்குப் புதன். திங்கட்கிழமையைத் தவிர்க்கிறோம், ஏனென்றால் ஆங்கிலத்தில் அதன் சுருக்கம் 'காலை' என்பதோடு குழம்பும்.

தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் ஸ்டிக்கர் அச்சிட்டோம். முதல் அச்சில் பிழை நேர்ந்தது. தமிழில் 'வாரத்திற்கு ஒரு முறை மட்டுமே உட்கொள்ளவும்' என்று போட்டிருந்தேன். ஓபிடியில் ஒரு பாட்டி அதை வாசித்துவிட்டு "உட்கொள்ளவும்னா?" என்று கேட்டார். மறு அச்சில் 'ஞாயிறு மட்டும். மற்ற நாள் சாப்பிடாதே' என்று, கிழமைக்கு ஏற்ற ஏழு ஸ்டிக்கர்களாக மாற்றினோம். இரண்டாவது வரி: 'வாயில் புண் வந்தால் நிறுத்து. உடனே வா.' மரியாதை குறைவாக இருக்கிறதே என்று ஒருவர் தயங்கினார். சின்ன ஸ்டிக்கரில் பெரிய எழுத்து வேண்டுமென்றால் சொல் குறைய வேண்டும்.

கேஸ்வாலிட்டியில், வீட்டு மருந்துகளை ஸ்ட்ரிப்பைப் பார்த்து மட்டும் எழுதக்கூடாது. 'எப்படிச் சாப்பிட்டீர்கள்' என்று நோயாளியிடமே, அவர் மொழியில் கேட்க வேண்டும். இரவில் தமிழுக்கு ஆள் இல்லாவிட்டால் போனில் கூப்பிட நான்கு பேர் பட்டியல் ஒட்டியிருக்கிறது. மவுஷிகள் என்று நாங்கள் கூப்பிடும் வார்டு உதவியாளர்களில் தமிழ் தெரிந்த இருவர் அதில் உண்டு. இந்த ஒன்றுதான் இன்னும் சரியாக நடப்பதில்லை. மழைக்கால இரவுகளில் ஸ்ட்ரிப்பைப் பார்த்து எழுதுவது மறுபடி தலைகாட்டுகிறது.

பின்பு

அந்த அம்மா பிழைத்தார். முடி கொட்டி மறுபடி வளர்ந்தது. சிறுநீரகம் பழைய நிலைக்கு வந்தது. இரண்டு மாதம் இட்லி வியாபாரம் நின்றது. வாடிக்கைக்காரர்கள் பாதிப்பேர் வேறு ஆளிடம் போய்விட்டார்கள்.

மெத்தோட்ரெக்சேட்டை அவர் மறுபடி தொடவில்லை, மருத்துவரும் வற்புறுத்தவில்லை. வேறு மருந்து தொடங்கலாம் என்று சொன்னதற்கும் சம்மதிக்கவில்லை. "மாத்திர வேண்டாம் தாயி, கையி வலிச்சா வலிச்சிட்டுப் போவுது" என்றார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வலது கை நடுவிரல் மடங்கத் தொடங்கியிருந்தது. ரத்த அறிக்கையைப் பார்த்தால் முழுக்கத் தேறியவர். எங்கள் நிகழ்வுப் படிவத்தில் 'விளைவு' என்ற கட்டத்தில் 'குணமடைந்தார்' என்று எழுதியிருந்தோம். அதன்கீழ் இந்த விரலையும் சேர்த்து எழுதினேன்.

மறுபடி நேர்ந்தால்

'வெளியே வாங்கிக்கோங்க' என்று இந்த மருந்துக்குச் சொல்லமாட்டோம்; இருப்பு இல்லாவிட்டால் பழைய அளவிலேயே ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச்சொல்வோம். அளவு மாறும்போதெல்லாம் மருந்தாளுநரைப் பார்க்காமல் அனுப்பமாட்டோம். குடும்பத்திடம் மறுநாள் சொன்னதை அன்று மாலையே சொல்வோம். அந்த ஓரிரவு அவர்கள் காத்திருந்தது எங்கள் பயத்தால்தான்.

மருத்துவமனைக்குள் செய்யமுடியாதவற்றை எழுதி, மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் மாநில மருந்து நிர்வாகத்துக்கும் மருத்துவமனையின் பெயரிலேயே அனுப்பியிருக்கிறோம். கேட்டது மூன்று. வாரம் ஒருமுறை எடுக்கும் மருந்தின் ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு மாத்திரைக் குழியின் பின்னாலும் அந்தந்த மாநில மொழியிலோ படக்குறியிலோ எச்சரிக்கை வேண்டும். மருந்துப் பிழைகளை எதிர்விளைவுகளிலிருந்து பிரித்து, தனியாகத் தெரிவிக்க வழி வேண்டும். தெரிவிப்பவருக்குப் படிவத்தின் ஒரு வரியில் உள்ள பாதுகாப்பு சட்டமாக வேண்டும். பெற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. ஸ்ட்ரிப் இன்னும் பழையபடியே வருகிறது. எங்கள் மேசையில் ஸ்டிக்கரை நாங்கள் கையால் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.